குரங்கோடு வந்த வைரசும் கரை உடைத்த வைரசும்

மாணவர்களே! கல்லணையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வெண்ணாறு பிரிகிறது. கிழக்கே வர வரக் குடமுருட்டி, அரசலாறு, மண்ணியாறு என்று காவிரி கிளைவிடுகிறது. கிளைகள் வாய்க்கால்களாகவும், வாய்க்கால்கள் கன்னி வாய்க்கால்களாகவும் பிரிந்து வயலை அடைகின்றன. எல்லாம் ஒரே ஆற்று நீர்தான். ஆனால் ஒவ்வொரு கிளையும் தான் ஓடும் மண்ணின் சாயலைச் சிறிது ஏற்றுக்கொள்கிறது.

மடை வழியாக வரும் நீர் பயிரை வளர்க்கும். கொள்ளிடத்துக் கரை உடைந்து அதே நீர் புகுந்தால் பயிர் அழுகும். திருப்பனந்தாள் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குரங்கினங்களுக்கும் அவற்றின் உடலில் வாழும் வைரசுகளுக்கும் உள்ள உறவை அறிய இந்த இரண்டு காட்சிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடன் பிரிந்த கிளைகள்

வைரஸ் தானாக வாழ இயலாது. வேறோர் உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். அதற்கு இடங்கொடுக்கும் உயிரை ஓம்புயிர் என்கிறோம். வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அதன் மரபுச் செய்தியில் சிறு பிழைகள் நேர்கின்றன. அந்தப் பிழைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதால் வைரஸ் மாறிக்கொண்டே வருகிறது.

குரங்குகளில் ‘நுரை வைரஸ்’ என்று ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களை இது தொற்றினால் அவை நுரைத்தது போலத் தோன்றும். பெயர் வந்த காரணம் அதுதான். ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகள், மனிதக் குரங்குகள் ஆகியவற்றின் நுரை வைரசுகளை ஒப்பிட்டு விஞ்ஞானிகள் ஒரு வம்சாவளி வரைந்தனர். அதைக் குரங்குகளின் வம்சாவளிக்குப் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் பெரும்பாலும் பொருந்தின. 2005-இல் வெளியான இந்த ஆய்வின்படி, இவ்விரு தரப்பும் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாகச் சேர்ந்தே பயணம் செய்து வந்திருக்கின்றன. குரங்கினம் இரண்டாகப் பிரிந்தபோது வைரசும் இரண்டாகப் பிரிந்தது, ஆறு பிரியும்போது நீரும் பிரிவது போல.

இந்த வைரசால் குரங்குக்கு நோய் வருவதாகத் தெரியவில்லை. ஏன்? இது எச்சில் வழியாக, பெரும்பாலும் கடியினால் பரவுவது. ஓம்புயிர் பல ஆண்டுகள் உயிரோடு திரிந்தால்தான் இது பலருக்குப் பரவ முடியும். ஓம்புயிரைக் கொன்றுவிடும் வகைக்கு வாரிசு குறையும். அடங்கி வாழும் வகை நிலைக்கும். வைரசுக்கு இரக்கம் என்பது கிடையாது. இது இயற்கைத் தேர்வின் கணக்கு மட்டுமே.

கடிகாரத்தைச் சரிபார்த்த தீவு

பிழைகள் ஓரளவு சீராகச் சேர்வதால், இரண்டு வைரசுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை எண்ணி, அவை பிரிந்த காலத்தைக் கணக்கிடலாம். கதிரியக்கத் தேய்வைக் கொண்டு பாறையின் வயதைக் காண்பது போன்ற முறை இது. ஆனால் எந்தக் கருவியையும் நம்புமுன் அளவுதிருத்தம் செய்ய வேண்டும் என்பது இயற்பியலின் முதற்பாடம்.

ஆப்பிரிக்கக் குரங்குகளில் எஸ்.ஐ.வி. என்னும் வைரஸ் குடும்பம் உண்டு. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. இதன் வழிவந்ததே. எஸ்.ஐ.வி. சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் ஆண்டுகளே பழையது என்று முதலில் கணக்கிட்டார்கள். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே பியோகோ என்றொரு தீவு இருக்கிறது. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்ததால், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அது நிலப்பரப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. அத்தீவின் குரங்குகள் சிலவற்றிலும் எஸ்.ஐ.வி. இருந்தது, நிலப்பரப்பில் வாழும் உறவுக் குரங்குகளின் வைரசே அதற்கு மிக நெருக்கமானது. அப்படியானால் தீவு பிரியும் முன்பே வைரஸ் அங்கு இருந்திருக்க வேண்டும்! இதைக் கொண்டு திருத்திக் கணக்கிட்டபோது, 2010-இல் கிடைத்த விடை: குறைந்தது 32,000 ஆண்டுகள்.

கரை உடைந்தால்

மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்கபே என்னும் குரங்கு வாழ்கிறது. இதன் இரத்தத்தில் எஸ்.ஐ.வி. ஏராளமாக இருக்கும், ஆனால் குரங்குக்கு நோய் வருவது மிக அரிது. வைரசைத் தாங்கக்கூடியவை பிழைத்துச் சந்ததி பெருக்கியதால் வந்த நிலை இது.

நம் வடஇந்தியாவின் ரீசஸ் குரங்கின் கதை வேறு. ஆசியக் குரங்குகளுக்கு இயற்கையில் எஸ்.ஐ.வி. கிடையாது. அமெரிக்க ஆய்வு நிலையங்களில் மாங்கபேயின் வைரஸ் ரீசஸ் குரங்குகளுக்குத் தாவியபோது, அவை எய்ட்ஸ் போன்ற நோயால் மடிந்தன. வைரஸ் அதே வைரஸ்தான். பழகாத உடல் என்பதுதான் வேறுபாடு.

நாமும் இப்படியே அகப்பட்டோம். சிம்பன்சியின் எஸ்.ஐ.வி., இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி மத்திய ஆப்பிரிக்காவில் மனிதருக்குத் தாவியது. வேட்டையாடிய விலங்கின் இரத்தம் வழியாக இருக்கலாம் என்று கருதுகின்றனர். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர்.

கியாசனூர்க் காட்டில் விழுந்த மந்திகள்

‘அப்படியானால் நெடுநாள் பழகினால் எல்லா வைரசும் சாதுவாகிவிடும்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1957-இல் இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் செத்து விழுந்தன. அக்கம்பக்கத்துக் கிராமத்தாரைக் கடுங்காய்ச்சல் பிடித்தது. பூனாவிலிருந்த வைரஸ் ஆய்வு மையத்தார் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதைப் பரப்புவது காட்டு உண்ணி.

இங்கே கணக்கு தலைகீழாகிறது. இந்த வைரஸ் நிலைத்திருப்பது உண்ணிகளிலும் எலி போன்ற சிறு பிராணிகளிலும். குரங்கின் உடலில் அது பெருகுகிறது. இரத்தம் குடிக்கும் உண்ணிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. குரங்கு செத்தால் உண்ணிகள் அங்கேயே உதிர்ந்து அடுத்த உயிருக்குக் காத்திருக்கும். ஆகவே குரங்கின் சாவால் வைரசுக்கு நட்டமில்லை; அது சாதுவாக வேண்டிய அவசியமும் இல்லை. வைரஸ் எவ்வளவு கொடியது என்பதை, அது பரவும் வழியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

2012–13-இல் இந்த வைரஸ் நம் நீலகிரிக் குரங்குகளிலும் கண்டறியப்பட்டது. கர்நாடகத்தில் கோடைக்கு முந்தைய மாதங்களில் இது மனிதரைத் தாக்குகிறது. நோயுற்றவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கின்றனர். இதற்கென்று தனி மருந்து இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை என்பதே ஆறுதல்.

நம் பங்கு

நம் கோயில்களில் உலவும் நாட்டுக் குரங்கைக் கண்டு அஞ்ச வேண்டாம். அடித்து விரட்டவும் வேண்டாம். அதன் வைரசுகள் அதனோடு வந்தவை. கையில் வைத்துப் பழம் ஊட்டுவதும் சீண்டிக் கடிபடுவதும்தான் கரையை நாமே வெட்டிவிடும் செயல்கள். கடிபட்டால் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். காட்டுப் பகுதியில் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ தெரிவியுங்கள். அந்த ஒரு தகவல் ஒரு கிராமத்தையே காக்கலாம்.

சிந்திக்க

1. கொசு பரப்பும் வைரசுக்கும் எச்சில் பரப்பும் வைரசுக்கும், ஓம்புயிர் நடமாடுவது எதற்கு அதிகம் தேவை? ஏன்?

2. பியோகோ தீவு 10,000 ஆண்டுகளுக்குப் பதிலாக 500 ஆண்டுகளுக்கு முன் பிரிந்திருந்தால், எஸ்.ஐ.வி.யின் வயதைப் பற்றி நாம் என்ன சொல்லியிருக்க முடியும்?