காசும் நாணயமும்

‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள்களில் வழங்குகின்றது. அரசு முத்திரை பொறித்து வெளியிடும் காசு ஒரு பொருள். சொல்லும் செயலும் மாறாத நேர்மை மற்றொரு பொருள். ‘அவர் நாணயமானவர்’ என்று ஊரார் ஒருவரைப் புகழும்போது, அவர் பையிலுள்ள பணத்தை அவர்கள் கருதுவதில்லை; அவர் சொல்லை ஐயமின்றி ஏற்கலாம் என்பதனையே கருதுகின்றனர். நல்ல காசு, புறத்தே பொறித்த மதிப்பை அகத்தேயும் உடையது. நல்ல மனிதரும் அத்தகையவரே. இவ்விரு பொருளையும் ஒருங்கே நெஞ்சிற்கொண்டு பயிலவேண்டிய கலை ஒன்று உண்டு. பழைய வெள்ளிக் காசுகளைத் திரட்டும் கலையே அது.

ஒரு பழைய வெள்ளி ரூபாயைப் பொற்கொல்லரிடம் கொடுத்தால் அவர் அதனை நிறுப்பார். காசு திரட்டுவோனிடம் கொடுத்தால் அவன் அதனைப் படிப்பான். ஏட்டைப் படிப்பது போலவே காசையும் படித்தல் இயலும். அதன் முகத்தில் உருவம் உண்டு. விளிம்பில் எழுத்து உண்டு. பின்புறத்தில் ஆண்டும் சின்னமும் உண்டு. ஏடுகளைச் செல் அரிக்கும், மாளிகைகள் மண்மேடாகும். ஆனால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு வெள்ளித் தகடு ஈராயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தும் தன் அரசன் பெயரை மறவாமல் கூறும்.

இந்தியாவின் வடமேற்குப் பகுதியை அலெக்சாந்தருக்குப் பிற்பட்ட காலத்தில் கிரேக்க மன்னர் பலர் ஆண்டனர். அவர்களுள் மினாந்தர் முதலிய சிலரே நூல்களில் குறிக்கப்படுகின்றனர். ஏனையோர் பலருடைய பெயர்கள் அவர்தம் காசுகளாலேயே உலகிற்குத் தெரியவந்தன. அக்காசுகளின் ஒருபுறம் கிரேக்க எழுத்தும், மறுபுறம் கரோட்டி என்னும் பழைய இந்திய எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தன. படிக்கத் தெரிந்த கிரேக்கத்தைத் துணையாகக் கொண்டு, படிக்க இயலாதிருந்த கரோட்டியின் எழுத்துகளை அறிஞர் ஒவ்வொன்றாக அறிந்தனர்.

அவ்வறிஞருள் தலைசிறந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். 1799 ஆம் ஆண்டில் பிறந்த இவர், காசியிலும் கல்கத்தாவிலும் இருந்த நாணயச் சாலைகளில் வெள்ளியின் மாற்றினை ஆய்ந்து உரைக்கும் பணியாற்றினார். இப்பணி செய்வோரைப் பழந்தமிழர் ‘வண்ணக்கர்’ என்று வழங்கினர். சங்கப் புலவருள்ளும் வண்ணக்கன் என்னும் அடைமொழி பெற்றோர் சிலர் உளர். கல்கத்தாவின் இவ்வண்ணக்கர், பகலெல்லாம் புதிய வெள்ளியை ஆய்ந்ததோடு அமையாமல் பழைய காசுகளையும் ஆராய்ந்தார். 1837 ஆம் ஆண்டளவில் பிராமி எழுத்தைப் படிக்கும் வழியை நிறுவினார். அதனால் அசோகருடைய கல்வெட்டுகள் மீண்டும் பேசத் தொடங்கின. ஓயாத உழைப்பால் உடல் நலிந்த பிரின்செப் 1840 ஆம் ஆண்டில் மறைந்தார்.

தமிழகத்து மண்ணும் வெள்ளிக் காசுகளைக் காத்துத் தந்துள்ளது. சூரியன், மலை, விலங்கு முதலிய சின்னங்கள் தனித்தனியே குத்தப்பட்ட முத்திரைக் காசுகள் இங்குக் கிடைத்துள்ளன. உரோமப் பேரரசர்களாகிய அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோருடைய வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. யவனர் தமிழகத்தோடு கொண்ட வாணிகத்தைச் சங்க நூல்கள் கூறுகின்றன. அக்கூற்றுக்கு இக்காசுகள் சான்றாக நிற்கின்றன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சிறு வெள்ளிக் காசுகளில் ஒரு மன்னனுடைய தலையும், பழந்தமிழ் எழுத்தில் ‘மாக்கோதை’ என்னும் பெயரும் காணப்படுகின்றன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். மாக்கோதை என்பது புறநானூறு அறிந்த சேரர் பெயர். பாட்டில் மட்டுமே கேட்ட பெயரைக் கையில் ஏந்திப் பார்க்கும் பேறு, அவ்வாற்று மணலால் வாய்த்தது.

அக்காசுகளைக் கண்டெடுத்தோர் அவற்றை வெள்ளி விலைக்கு விற்று உருக்கியிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? ஒரு மோதிரமோ ஒரு மெட்டியோ செய்வதற்குரிய வெள்ளி கிடைத்திருக்கும். மாக்கோதையின் முகம் மறைந்திருக்கும். உருக்கிய காசு எரித்த ஏட்டிற்கு ஒப்பாகும். மீண்டும் வெள்ளி வாங்கலாம். மீண்டும் அந்தச் சான்றினைப் பெறுதல் எவர்க்கும் இயலாது. ஆதலின், காசு திரட்டும் கலையின் முதற்பயன் காத்தல் என்று அறிதல் வேண்டும்.

இக்கலையைத் தொடங்குவோர் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையைத் தேடி அலைய வேண்டுவதில்லை. வீட்டுப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். பாட்டியின் சுருக்குப் பையிலோ, பூசையறைப் பேழையிலோ பழைய வெள்ளி ரூபாய் ஒன்று இருத்தல் கூடும். அது 1918 ஆம் ஆண்டு ரூபாய் என்று கொள்வோம். அதன் முகத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடி சூடி விளங்குவார். பின்புறத்தில் மலர் வளையத்தின் நடுவே, ‘ஒரு ரூபாய்’ என்பது ஆங்கிலத்திலும் பாரசீக எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். அடியிலுள்ள தாமரையை அடுத்து ஒரு சிறு புள்ளி காணப்பட்டால் அது பம்பாயில் அச்சிடப்பட்டது. புள்ளி இல்லையாயின் கல்கத்தாவில் அச்சிடப்பட்டது.

மன்னர் அணிந்த மேலாடையை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால் அங்கே ஒரு சிறு யானை தோன்றும். 1911 ஆம் ஆண்டு ரூபாயில் இவ்யானையின் துதிக்கை குறுகி அமைந்தமையால், மக்கள் அதனைப் பன்றி என்று எண்ணினர். இசுலாமியர் மனம் புண்பட்டது. அரசு அக்காசைத் திரும்பப் பெற்று உருக்கி, மறு ஆண்டிலேயே யானையைத் திருத்தமுற வரைந்து வெளியிட்டது. நெல்மணியினும் சிறிய ஓர் உருவம் ஓர் அரசின் ஆணையையே மாற்றிய வரலாறு இது.

அந்த ரூபாயின் ஆண்டும் ஒரு செய்தி கூறும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின்போது வெள்ளிக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. 1917 ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசு ஒரு ரூபாய்த் தாளை முதன்முதலாக வெளியிட்டது. 1918 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு ஒரு சட்டம் இயற்றித் தன் வெள்ளி டாலர்களை உருக்கி அவ்வெள்ளியை விற்க முன்வந்தது. அவ்வாறு 25 கோடிக்கும் மேற்பட்ட டாலர்களின் வெள்ளி இந்தியாவின் தேவைக்காக அளிக்கப்பட்டது. பாட்டியின் பையிலிருந்த ரூபாயிலும் அவ்வெள்ளி கலந்திருத்தல் கூடும். ஒரு காசைப் படிக்கப் புகுந்த மாணவன், கடல் கடந்த நாட்டின் வரலாற்றையும் படித்தவனாகின்றான்.

தொடங்குவோன் தன் எல்லையைச் சுருக்கிக்கொள்ளுதல் நன்று. கண்ட காசையெல்லாம் வாங்குபவனுடைய பெட்டி நிறையும், அறிவு நிறையாது. 1835 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே வகை ரூபாயை ஏற்படுத்தியது. அன்று முதல் நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் ஆகியோர் உருவங்கள் வெள்ளி ரூபாயில் முறையே பொறிக்கப்பட்டன. இவ்வரிசையில் ஆளுக்கு ஒன்று சேர்த்தலே நல்ல தொடக்கமாகும். ரூபாய் விலை மிகுதியாயின் கால் ரூபாய், இரண்டணா ஆகிய சிறு வெள்ளிக் காசுகளைக் கொண்டு தொடங்கலாம். பயிற்சி மிகுந்தபின், சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய வெள்ளிக் கால் வராகனைத் தேடலாம். கோயிற் கோபுரத்தையும் திருமால் உருவத்தையும் தாங்கிய அக்காசில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது.

வாங்குவதற்கு முன்னர்ச் சோதித்தல் வேண்டும். 1835 முதல் வழங்கிய முழு ரூபாயின் எடை ஒரு தோலா. அஃதாவது ஏறத்தாழ 11.66 கிராம். அதன் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி; எஞ்சிய ஒரு பங்கு வேறு உலோகம். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதியே வெள்ளி. 1947 ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கலால் ஆயது. ஆதலின், முதலில் ஆண்டை நோக்குக. பின்னர் நுண்தராசில் நிறுக்க. காந்தத்தை அணுக்கினால் வெள்ளி ஒட்டாது. வார்ப்பில் செய்த போலியின் விளிம்பில் பொருத்துக்கோடும், முகத்தில் சிறு கொப்புளங்களும் காணப்படும். 1939 ஆம் ஆண்டு ரூபாய் மிக அரியது. 1938 ஆம் ஆண்டு ரூபாயில் ஓர் இலக்கத்தை மாற்றி அதனைப் போல ஆக்கி விற்பாரும் உளர். அரிய காசு மிக எளிய விலைக்கு வந்தால் மகிழ்வதற்கு முன் ஐயுறுக. நூல் வாங்கியபின் காசு வாங்குபவன் ஏமாறுதல் அரிது.

வாங்கிய காசைக் காக்கும் முறை யாது? வெள்ளிக் கிண்ணத்தைத் திருநீற்றாலும், பித்தளை விளக்கைப் புளியாலும் தேய்த்து விளக்குதல் நம் வீட்டு வழக்கம். பழங்காசிற்கு இவ்வழக்கம் பெருங்கேடு விளைக்கும். காற்றிலுள்ள கந்தகக் கலப்பு வெள்ளியோடு கூடுவதால் கருமை படர்கின்றது. அதனைத் தேய்த்தகற்றும்போது கருமையோடு வெள்ளியும், வெள்ளியோடு எழுத்தின் நுண்மையும் தேய்ந்துபோகின்றன. பளபளக்கும் காசைக் கண்டு தொடக்கநிலையினன் மகிழ்வான், அறிந்தவன் வருந்துவான். மண் படிந்திருந்தால் தூய நீரில் நனைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தல் போதும். முகத்தில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்தே எடுத்தல் வேண்டும். இரப்பர் வளையம் இட்டுக் கட்டுதல் கூடாது. அதிலும் கந்தகம் உண்டு. ஒவ்வொரு காசையும் தனித்தனி உறையில் இட்டு ஈரமில்லாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

உறையோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். காசின் பெயர், ஆண்டு, எடை, அச்சிட்ட ஊர், கிடைத்த இடம், கிடைத்த நாள், கொடுத்தவர், கொடுத்த விலை ஆகியவற்றை அன்றே எழுதுக. ‘பாட்டியின் பையிலிருந்து பெற்றது’ என்னும் ஒரு வரி, பேரன் காலத்தில் அக்காசின் மதிப்பை உயர்த்தும்.

இனி, நாணயத்தின் மற்றொரு பொருளுக்கு வருவோம். ஏர் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசு நிறைந்த கலயம் வெளிப்படுவதுண்டு. அதிலுள்ள காசுகளுள் மிகப் பிந்தியது எதுவோ, அதன் காலத்திற்கு முன்னர் அக்கலயம் புதைக்கப்பட்டிருத்தல் இயலாது. இவ்வாறு ஒரு கலயத்துக் காசுகள் யாவும் ஒருங்கே இருந்து ஒரு காலத்தை உணர்த்துகின்றன. கண்டோர் ஆளுக்குச் சில பங்கிட்டுக்கொண்டால், ஒரு நூலின் ஏடுகளைக் கிழித்துப் பலர் பகிர்ந்துகொண்டதை ஒக்கும். 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்பட்ட, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்குமாறு பணிக்கின்றது. நூறாண்டு கடந்த காசுகள் தொல்பொருள்கள் என்றும், தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்புதல் குற்றம் என்றும் 1972 ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கின்றது. கண்டது எவருக்கும் தெரியாது என்னும் நிலையிலும் கண்டதை அறிவிப்பவனே நாணயமுடையவன்.

1851 ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகம் இன்று எழும்பூரில் பெருந்தொகையான பழங்காசுகளைக் காத்துவருகின்றது. அங்குள்ள காசுகளுள் பல, உழவரும் மண்வெட்டுவோரும் கண்டெடுத்து, உருக்குவார் கைக்குப் போகாமல் தப்பியவை. மாணவர் ஒருமுறையேனும் அங்குச் சென்று அவற்றைக் கண்ணாரக் காணுதல் வேண்டும்.

காசு பல கை மாறும் இயல்புடையது. மன்னன் கையினின்று வணிகன் கைக்கும், வணிகன் கையினின்று உழவன் கைக்கும் சென்ற ஒரு காசு, இன்று ஒரு மாணவன் கைக்கு வந்துள்ளது. அவனுக்குப் பின்னும் அது வேறொருவர் கைக்குச் செல்லும். இடைப்பட்ட சில ஆண்டுகள் அதனைக் காத்துக் கொடுக்கும் பொறுப்பே அவனுடையது. தேயாமலும், உருகாமலும், அதன் வரலாறு மறையாமலும் அடுத்த கையில் சேர்ப்பிப்பானாயின், காசு திரட்டியவன் நாணயமும் சேர்த்தவனாவான்.