ஈயத்தை மண்ணிலிருந்து மீட்டெடுத்தலும் மீள்சுழற்சியும்

க.பொ.த. சாதாரண தரம்
அலகு: வளப் பயன்பாடும் சுற்றாடல் மாசடைதலும்

மாணவர்களே, மீள்சுழற்சி என்றதும் கடதாசி, போத்தல், பிளாத்திக்கு ஆகியவற்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுபவர்கள் பலர். உலோகங்களின் மீள்சுழற்சியைப் பற்றியும் வினாக்கள் வரலாம். இப்பாடத்தில் ஈயத்தை எடுத்துக்கொள்வோம். துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி மைதானங்களில் நிலத்தில் சிதறும் ஈயச் சன்னங்களை எவ்வாறு மீட்டெடுக்கிறார்கள் என்பதை முதலில் படித்து, பின்னர் அந்த அறிவைக் கண்டிப் பிரதேசத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

1. ஈயத்தின் இயல்புகள்

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம். சாதாரண மணலின் அடர்த்தி ஏறத்தாழ 2.65 கிராம். அதாவது ஒரே கனவளவுள்ள மணற்றுணிக்கையை விட ஈயத் துணிக்கை நான்கு மடங்குக்கும் மேல் பாரமானது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். உலோகங்களுள் இது தாழ்ந்த உருகுநிலையாகும். மென்மையானது, இலகுவில் வார்க்கக்கூடியது.

இந்த இயல்புகளால்தான் சன்னம் செய்ய ஈயம் பயன்பட்டது. 1782 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வோட்ஸ் என்பவர், உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து அரிப்பொன்றின் ஊடாக விழச் செய்து சன்னம் செய்யும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். விழும் துளிகள் மேற்பரப்பிழுவை காரணமாகக் கோள வடிவம் பெற்றுக் கீழேயுள்ள நீரில் விழுந்து இறுகின.

ஈயத்தின் மற்றோர் இயல்பு மிக முக்கியமானது. அது ஒரு மூலகம். இலை, தழை, கடதாசி போல உக்கி அழியாது. மண்ணில் விழுந்த ஈயம் யாராவது எடுக்கும்வரை அங்கேயே இருக்கும், அல்லது நீரோடு வேறிடம் செல்லும்.

2. பிரச்சினையின் அளவு

பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில் ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயச் சன்னங்கள் இருக்கும். ஒரு சன்னத்தின் விட்டம் ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர் எனின், ஒரு தோட்டாவில் 300 வரையான சன்னங்கள் உண்டு. கீழ்வரும் கணிப்பைக் கவனியுங்கள்.

ஒரு மைதானத்தில் ஒரு நாளில் 20 பேர் பயிற்சி பெறுகின்றனர். ஒவ்வொருவரும் 25 முறை சுடுகின்றனர். ஆண்டில் 50 நாட்கள் பயிற்சி நடைபெறுகிறது எனக் கொள்வோம்.

ஒருவர் ஒரு நாளில் சுடும் ஈயம்: 25 × 24 = 600 கிராம்
20 பேர் ஒரு நாளில்: 12 கிலோகிராம்
50 நாட்களில்: 600 கிலோகிராம்

இது ஒரு சிறிய மைதானத்துக்கான கணிப்பே. பத்து ஆண்டுகளில் 6 தொன் ஈயம் அந்த நிலத்தில் சேர்ந்துவிடும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்ட்ராட்போர்ட் என்னுமிடத்தில், கடற்கரையோரம் இயங்கிய துப்பாக்கிச் சூட்டுக் கழகம் ஒன்று 1986 இல் மூடப்பட்டது. பல பத்தாண்டுகளாகக் கடலை நோக்கிச் சுட்ட ஈயம் கடலடி மண்ணில் குவிந்திருந்தது. பின்னர் அம்மண்ணைத் தோண்டி ஈயத்தை அகற்ற வேண்டியதாயிற்று.

3. ஈயம் உயிரினங்களை அடையும் வழி

• மண்ணில் கிடக்கும் ஈயம் வளியும் ஈரமும் பட்டு ஒட்சியேற்றம் அடைகிறது. மேற்பரப்பில் ஈயக் காபனேற்று முதலிய வெண்ணிறப் படை உண்டாகிறது. மண் அமிலத்தன்மை உடையதாயின் இச்சேர்வைகள் கரைந்து நீரோடு செல்லும்.
• பறவைகள் இரையை அரைப்பதற்குச் சிறு கற்களை விழுங்கும். வீட்டுக் கோழி மணல் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். நீர்ப்பறவைகள் கல்லென எண்ணிச் சன்னத்தை விழுங்கி நஞ்சேறி இறக்கின்றன. இதனால் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னம் பயன்படுத்துவதை அமெரிக்கா 1991 இல் நாடு முழுவதும் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் ஈயச் சன்னத்தைத் தடைசெய்யும் விதி 2023 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.
• மனிதருள் சிறுவர்களே மிகவும் பாதிக்கப்படுவர். மூளை வளர்ச்சி, கற்கும் ஆற்றல், கவனம் ஆகியன குன்றும், குருதிச்சோகை உண்டாகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார தாபனம் கூறுகிறது.

4. மீட்டெடுக்கும் படிமுறை

(1) சன்னங்கள் அதிகமாக விழும் பகுதியை அளந்து வரைபடத்தில் குறித்தல்.
(2) மழையற்ற காலத்தில் மேல்மண்ணைச் சில சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தல்.
(3) அரித்தல். பெரிய கண் அரிப்பில் கல்லும் வேரும் தங்கும். சிறிய கண் அரிப்பில் சன்னங்களும் அதே பருமனுள்ள சிறுகற்களும் தங்கும். நுண்மண் கீழே விழும்.
(4) அடர்த்தி வேறுபாட்டால் பிரித்தல். காற்றை அல்லது நீரைச் செலுத்த, பாரம் குறைந்த சிறுகற்கள் அடித்துச் செல்லப்பட ஈயம் தங்கும். சுளகில் அரிசி புடைக்கும்போது உமி பறந்து அரிசி நிற்பதும் இவ்வாறே.
(5) நுண்மண்ணைப் பரிகரித்தல். அதில் கரைந்த ஈயச் சேர்வைகள் எஞ்சியிருக்கும். சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைப்பர். பொசுபேற்று இட்டு ஈயத்தை எளிதில் கரையாத சேர்வையாக மாற்றுவர்.
(6) பிரித்த ஈயத்தை அனுமதி பெற்ற உருக்காலைக்கு அனுப்புதல். சன்னத்தில் கடினத்தன்மைக்காகச் சேர்த்த அந்திமனியும் அங்கு கருத்திற் கொள்ளப்படும்.

முதல் நான்கும் மீட்டெடுத்தல். ஆறாவது மீள்சுழற்சியின் தொடக்கம். ஐந்தாவதைப் பலர் எழுத மறந்துவிடுகின்றனர். ஈயத்தை விற்றுப் பணம் பெற்றபின் நச்சு மண்ணை அப்படியே விட்டுவிட்டால் வேலை பாதியிலேயே நின்றுவிட்டது என்பதே பொருள்.

5. கண்டிப் பிரதேசத்துக்குப் பொருத்துதல்

இத்தகைய மைதானம் ஒன்றைக் கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவில் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று காரணிகள் பாதகமாக அமையும்.

முதலாவது மண். தேயிலை நன்கு வளர்வதே இம்மலைநாட்டு மண்ணின் அமிலத்தன்மைக்குச் சான்று. இரண்டாவது மழையும் சரிவும். மண் அரிப்போடு சன்னமும் ஈயச் சேர்வைகளும் ஓடையை நோக்கி நகரும். மூன்றாவது மகாவலி கங்கை. கண்டி மக்கள் குடிநீர் பெறுவது இந்த ஆற்றிலிருந்தே. 1976 முதல் பொல்கொல்லையில் இதன் நீர் உலர் வலயத்துக்கும் திருப்பப்படுகிறது. ஆகவே மேலே செய்யும் தவறு கண்டியோடு நிற்காது.

நம்மிடையே ஈயம் அதிகமாக இருக்கும் இடம் வாகன பற்றரியாகும். உலகில் பயன்படும் ஈயத்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் பற்றரிகளுக்கே செல்கிறது. கண்டி நகரில் ஓடும் முச்சக்கரவண்டி ஒவ்வொன்றிலும் ஒரு பற்றரி உண்டு. பழைய பற்றரியை இரும்பு வியாபாரி விலை கொடுத்து வாங்குவதால் அது குப்பைக்குச் செல்வது குறைவு. ஆயினும் வீட்டு முற்றத்தில் உடைத்து, அமிலத்தைக் கானில் ஊற்றி, ஈயத்தை அடுப்பில் உருக்குவது பேராபத்தாகும். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை செனகல் நாட்டின் டக்கார் நகர்ப்புறத்தில், பற்றரி ஈயம் கலந்த மண்ணால் 18 சிறுவர்கள் இறந்தனர். அங்கும் ஏழை மக்கள் ஈயத்தைச் சேகரித்து விற்கவே முயன்றனர். முறையற்ற மீட்பு உயிரைக் குடிக்கும் என்பதற்கு இது சான்று. மீன்பிடி வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பவர்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரியில் வெளியான ஒழுங்குவிதிகள் அபாயகரமான கழிவுகளைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கின. ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நம் நாட்டில் கைவிடப்பட்டது. சட்டம் நினைத்தால் ஈயத்தைக் குறைக்கலாம் என்பதற்கு இதை உதாரணமாக எழுதலாம்.

6. மாதிரி வினா

(அ) மீட்டெடுத்தல், மீள்சுழற்சி ஆகியவற்றை வேறுபடுத்துக. (2 புள்ளிகள்)
விடை: கழிவிலிருந்து பயனுள்ள பொருளைச் சேகரித்துப் பிரித்தல் மீட்டெடுத்தல். அப்பொருளைப் பதப்படுத்திப் புதிய பொருளாக்குதல் மீள்சுழற்சி.

(ஆ) மண்ணிலிருந்து ஈயச் சன்னத்தைப் பிரிக்க உதவும் இரு பௌதிக இயல்புகளைக் கூறுக. (2 புள்ளிகள்)
விடை: துணிக்கையின் பருமன், அடர்த்தி.

(இ) கண்டிப் பிரதேச மண்ணில் ஈயம் கிடப்பது ஏன் கூடிய ஆபத்துடையது? (3 புள்ளிகள்)
விடை: அமில மண்ணில் ஈயச் சேர்வைகள் கரைதல், மழையும் சரிவும் அவற்றைக் கொண்டு செல்லல், மகாவலி நீர் குடிநீராகவும் பாசன நீராகவும் பயன்படல்.

பயிற்சி: பகுதி 2 இல் உள்ள கணிப்பில் 70 சதவீத ஈயம் மீட்கப்பட்டால், ஓராண்டில் மண்ணில் எஞ்சும் ஈயம் எவ்வளவு? (விடை: 180 கிலோகிராம்)

கவனிக்க: "ஈயம் காலப்போக்கில் மண்ணில் உக்கிவிடும்" என ஒருபோதும் எழுத வேண்டாம். விடையைச் சரியாகக் கணித்த பின், அந்த 180 கிலோகிராம் மறு ஆண்டும் அங்கேயே இருக்கும் என்பதையும் ஒரு வசனத்தில் சேர்த்து எழுதிப் பழகுங்கள்.