ஓடும் மெயில் சர்வரை நிறுத்தாமல் நகல் எடுப்பது எப்படி?

படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு உதவியாளராகச் சேரப் போகிறோம். அங்கே தினமும் காலையில் கேட்கும் கேள்வி, "தம்பி, பேக்கப் ஆச்சா?" என்பதுதான். "ஆச்சு சார்" என்று சொல்வது சுலபம். அந்த நகல் ஆபத்துக்கு உதவுமா என்பதே கேள்வி.

இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் இதை நேரில் பார்த்தேன். லினக்ஸ் மெயில் சர்வரின் டிஸ்க் பழுதாகிவிட்டது. இரவுதோறும் காப்பி செய்த டேட்டாபேஸ் கோப்பு இருந்தது, ஆனால் திறக்கவில்லை. ஆர்டர் கடிதங்களைத் தேடி வந்த கணக்குப் பிரிவு அக்காவுக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. தவறு எங்கே நடந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிட்டையும் பேரேடும்

மளிகைக்கடை அண்ணாச்சி விற்றதை உடனே சிட்டையில் குறித்து வைப்பார். ஓய்வு கிடைக்கும்போது பேரேட்டில் ஏற்றுவார். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரும் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றமும் முதலில் டிரான்சாக்ஷன் லாக் என்னும் சிட்டையில் எழுதப்படும். 2007 பதிப்பு முதல் ஒரு லாக் கோப்பின் அளவு 1 எம்.பி. பிறகே அது இ.டி.பி. என்னும் பேரேட்டுக் கோப்புக்குப் போகும்.

அண்ணாச்சி எழுதிக்கொண்டிருக்கும்போதே நாம் பேரேட்டைப் பக்கம் பக்கமாகக் காப்பி செய்தால் என்ன ஆகும்? 10-ஆம் பக்கத்தை முடித்து 50-ஆம் பக்கம் வருவதற்குள் அவர் இரண்டையும் மாற்றியிருப்பார். நம் நகலில் முன்பக்கம் பழசு, பின்பக்கம் புதுசு. கணக்கு உதைக்கும். எக்ஸ்சேஞ்ச் கோப்பை இப்படிக் காப்பி செய்யப் போனால், கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்று விண்டோஸ் மறுத்துவிடும். லினக்ஸ் மறுக்காது, கெட்ட நகலைப் பேசாமல் கொடுத்துவிடும். நான் பார்த்த இடத்தில் நடந்தது இதுதான்.

ஸ்னாப்ஷாட் முறை

ஒரே கணத்தில் முழுப் பேரேட்டையும் போட்டோ பிடிப்பதே ஸ்னாப்ஷாட். விண்டோஸ் சர்வரில் 2003 பதிப்பு முதல் இதற்கு வி.எஸ்.எஸ். என்ற வசதி உள்ளது. அது செயல்படும் விதம்:

1. பேக்கப் மென்பொருள் ஸ்னாப்ஷாட் கேட்கும். இதற்கு ரெக்வெஸ்டர் என்று பெயர்.
2. எக்ஸ்சேஞ்சின் ரைட்டர், டேட்டாபேஸில் எழுதுவதைச் சற்று நிறுத்தி வைக்கும்.
3. புரொவைடர் என்னும் பகுதி ஸ்னாப்ஷாட் எடுக்கும். இதற்குக் கெடு 10 விநாடிதான்.
4. எழுதும் வேலை மீண்டும் தொடங்கும். மெயில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.
5. பிறகு ஸ்னாப்ஷாட்டிலிருந்து வேறு டிஸ்க்குக்கு நிதானமாகக் காப்பி செய்யலாம்.

அத்தனை ஜி.பி.யும் 10 விநாடியில் எப்படி என்று கேட்கலாம். அப்போது எதுவும் முழுதாகக் காப்பி ஆவதில்லை. பிறகு ஒரு பிளாக் மாறப்போகும்போது, அதன் பழைய வடிவம் மட்டும் தனியே எடுத்து வைக்கப்படுகிறது. லினக்ஸில் எல்.வி.எம். மூலம் இதையே செய்யலாம். ஆனால் டேட்டாபேஸைச் சற்றுப் பொறுக்கும்படி முதலில் நாமே கட்டளை தர வேண்டும். ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அது செல்லாமல் போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

* பேரேட்டோடு சிட்டையும் நகலில் இருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டில் டேட்டாபேஸ் 'டர்ட்டி ஷட்டவுன்' நிலையில் இருப்பது இயல்பே. லாக்குகளை ஏற்றினால்தான் 'கிளீன்' ஆகும். ஈஸ்யூடில் என்ற கருவி இதைக் காட்டும்.
* முழு பேக்கப் வெற்றியானால் பழைய லாக்குகள் அழியும். தொடர்ந்து தோற்றால் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸே நின்றுவிடும்.
* ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில் மட்டும் இருந்தால் அது பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் போச்சு.
* பல பிரதிகள் இருந்தாலும் போதாது. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் சுமார் 0.02 சதவீதப் பயனாளர்களின் அஞ்சல்கள் மறைந்தன. பல டேட்டா சென்டர்களில் பிரதி வைத்தும் பயனில்லை. தனியே கழற்றி வைத்திருந்த டேப்புகளிலிருந்தே அவை மீட்கப்பட்டன.

முடிவாக ஒன்று. என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்தால், முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். நமக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். மாதம் ஒருமுறையாவது நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு மெயிலைத் திறந்து படித்துப் பாருங்கள். அதன் பிறகு தைரியமாகச் சொல்லலாம், "பேக்கப் ஆச்சு சார்!"