பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தச் சோதனை?

ரிசல்ட் வந்த கையோடு திருப்பூர்ப் பெற்றோர் கேட்பது இது: பிள்ளைக்கு ‘கேரியர் டெஸ்ட்’ எடுத்துப் பார்க்கலாமா? பார்க்கலாம். எந்த வகை என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

விருப்பச் சோதனைகள் பெரும்பாலும் தொழில் விருப்பங்களை ஆறு வகையாகப் பிரித்த உளவியலாளர் ஜான் ஹாலண்டின் முறையை நம்பி நடப்பவை. அமெரிக்காவின் வெவ்வேறு இனத்தவரை வைத்து 1998-இல் டே, ரவுண்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆராய்ந்தபோது விருப்பங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதே ரவுண்ட்ஸ், ட்ரேசியோடு சேர்ந்து 1996-இல் பல நாட்டுத் தரவுகளை அலசியபோதோ, அமெரிக்காவுக்கு வெளியே அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. வீட்டில் பேச்சைத் தொடங்க விருப்பச் சோதனை உதவும். பிளஸ் ஒன்னில் குரூப்பை முடிவு செய்ய இது மட்டும் போதாது.

திறன் சோதனை வேண்டுமென்றால் என்சிஇஆர்டியும் சிபிஎஸ்இயும் உருவாக்கிய ‘தமன்னா’ இருக்கிறது. ஏழு திறன்களைப் பார்க்கும், பாஸ் ஃபெயில் கிடையாது. எந்தத் திறன் சோதனையானாலும் பிள்ளைக்குப் பழக்கமான மொழியில் நடக்க வேண்டும். பீகாரிலிருந்து வந்து இங்கே தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு மொழியில் மார்க் குறைந்தால் அதை வைத்து மூளையை எடைபோடாதீர்கள்.

உஷாராக இருக்க வேண்டியது, தொழில் முடிவில் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் தொழில் அடையாளச் சோதனையில். தேடிப் பார்க்காமலே முடிவெடுத்தவர்களை உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல் தனி வகையாகப் பிரித்தார். இப்போது இரண்டு பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒருவன் அப்பாவின் பனியன் கம்பெனியில் உட்காரப் போகிறான். இன்னொருத்தி பீஸ் ரேட் டெய்லரின் மகள், பிளஸ் டூ முடித்ததும் பேட்லாக் மிஷினுக்குப் போகிறாள். ‘வேறு வேலையைப் பற்றி யோசித்ததில்லை’, ‘முடிவாகிவிட்டது’ என்று இருவரும் டிக் அடிப்பார்கள். ரிப்போர்ட்டில் இருவரும் ஒரே வகை! ஆனால் அவனுக்கு வழி தயாராக இருக்கிறது, அவளுக்கு வேறு வழியைக் காட்ட ஆளில்லை. திருப்பூரில் கவுண்டர் சமூகத் தொழிலாளிகள் உறவு பலத்தில் முதலாளிகளாக உயர்ந்ததை ஆய்வாளர் ஷரத் சாரி 2004-இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தலித் குடும்பங்களுக்கு அந்த ஏணி அதே அளவில் கிடைக்கவில்லை. தொழில் பற்றிய நம்பிக்கைகள் குடும்ப வசதியைப் பொறுத்து மாறுவதை கிடியான் அருள்மணியும் சகாக்களும் 2003-இல் இந்திய மாணவர்களிடமே கண்டார்கள்.

சோதனை விற்க வருபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த மதிப்பெண்ணை எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிடுகிறீர்கள்? அரசுப் பள்ளி, தமிழ்வழிப் பிள்ளைகள் அதில் இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள். முதலில் பள்ளியில் ‘நான் முதல்வன்’ வழிகாட்டி ஆசிரியரைப் பாருங்கள். பிறகு ஒரு மெர்ச்சண்டைசர், ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு நர்ஸ் என்று வேலை பார்ப்பவர்களிடம் பிள்ளையை நேரில் அழைத்துப் போய்ப் பேச விடுங்கள்.