நம்பிக்கைகளும் உண்மைகளும்: சிப்காட்டில் பாதிப் பேர் வங்கதேசத்தவரா?

நம்பிக்கை 1: கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை செய்யும் வடமாநிலத்தவரில் பாதிப் பேர் எல்லை தாண்டி வந்த வங்கதேசத்தவர். அவர்களுக்கு ஓட்டும் கொடுத்துவிட்டார்கள்.

பொய். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "நெருப்பில்லாமல் புகையுமா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்ததால்தான் இந்த வதந்தி இத்தனை தூரம் வளர்ந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காட்டுப்பள்ளி என்று திருவள்ளூர் மாவட்டத்தின் எந்தத் தொழில் பகுதியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "அதான் பேச்சிலேயே தெரியுதே" என்பது பதில். வங்க மொழி பேசுவதே வங்கதேசத்தவர் என்பதற்குச் சான்று என்றால், தமிழ் பேசும் நம்மை யாழ்ப்பாணத்தார் என்று எவரும் சொல்லிவிடலாம். அது மேற்கு வங்கத்தின் மொழி, திரிபுராவின் மொழி, அசாமின் பராக் பள்ளத்தாக்கின் மொழி. மால்டாவிலிருந்தும் முர்ஷிதாபாத்திலிருந்தும் தென்னிந்தியாவுக்குக் கட்டட வேலைக்கு வருவது பல ஆண்டுப் பழக்கம். முகச்சாயலைப் பார்த்து "வெளிநாட்டான்" என்கிறார்களே, அவர்களில் நேபாளிகளும் இருக்கலாம். 1950ஆம் ஆண்டு இந்திய-நேபாள உடன்படிக்கைப்படி அவர்கள் இங்கே தங்கி வேலை செய்வது முழுக்கச் சட்டப்படியானது.

ஆள் எப்படி வருகிறார் என்று தெரிந்தாலே இந்தக் கதையின் பாதி விழுந்துவிடும். ஆலை நிர்வாகம் நேரடியாக ஆள் எடுப்பதில்லை. லேபர் கான்ட்ராக்டரிடம் சொல்கிறது. கான்ட்ராக்டர் தன்னிடம் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவரிடம் சொல்கிறார். அவர் தன் ஊருக்குப் போன் போட்டு மாமன், மச்சான், பக்கத்து வீட்டுப் பையன் என்று ஒரு கூட்டத்தை ரயிலேற்றி அழைத்து வருகிறார். ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடும் ஆளும், ஃபர்னஸ் வாயருகே பழைய இரும்பை வாரிப் போடும் ஆளும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்களாக, ஒரே லைன் வீட்டில் தங்கியிருப்பதற்கு இதுதான் காரணம். தமிழகத் தொழிலாளர் துறை 2015-16இல் எடுத்த கணக்கெடுப்பில் வெளிமாநிலத் தொழிலாளர் எண்ணிக்கை 10.67 லட்சம், அதிகம் பேர் இருந்த மாவட்டங்களில் திருவள்ளூரும் ஒன்று. வந்தவர்கள் ஊரும் பேரும் உள்ளவர்கள். அந்த ஊரை நாம் விசாரிப்பது மரணம் நேரும்போது மட்டும்தான். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமைச் சேர்ந்தவர்கள். உடனே பெயர் தெரிந்தது, ஊர் தெரிந்தது, உடல்கள் அனுப்பப்பட்டன, முதலமைச்சரும் பிரதமரும் நிவாரணம் அறிவித்தார்கள். முந்தின நாள் வரை அவர்களைத் தெருவில் பார்த்தவர்கள் என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்கள் என்பதை வாசகர்களே யோசிக்கட்டும்.

"அப்படியானால் வங்கதேசத்தவர் யாருமே இல்லையா?" என்பார்கள். இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டத்தில், பெரும்பாலும் பல்லடம் பகுதியில், 31 பேர் கைதானார்கள். போலி ஆவணம் வாங்கித் தரும் தரகர்களும் உண்டு. அதற்காகத்தான் போலீஸ் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆவணத்தை ஆளுக்கு ஆள் சரிபார்த்து, குற்றம் சாட்டி, நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அதை யாரும் தடுக்கவில்லை. "பிடிபட்டவர்கள் 31, பிடிபடாதவர்கள் எத்தனை லட்சமோ" என்று அடுத்த கேள்வி வரும். பிடிபடாதவர்களை எண்ணிச் சொல்பவர் கணக்குச் சொல்லவில்லை, கதை சொல்கிறார். அந்தக் கதையை அரசே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி சாட்சி. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவர் 2025 ஜூனில் டெல்லியில் பிடிக்கப்பட்டு, குடும்பத்தோடு வங்கதேசத்துக்குள் தள்ளிவிடப்பட்டார். செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நாடுகடத்தல் உத்தரவை ரத்து செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், அவர் டிசம்பரில்தான் திரும்பி வந்தார். பேச்சையும் முகத்தையும் பார்த்து நாட்டைத் தீர்மானித்தால் இதுதான் நடக்கும்.

ஓட்டுக் கதைக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் பீகார் வாக்காளர் வரைவுப் பட்டியலிலிருந்து 65 லட்சம் பெயர்கள் நீங்கின. அடுத்த சில நாட்களிலேயே தமிழகப் பட்டியலில் 6.5 லட்சம் வடமாநிலத்தவர் சேர்க்கப்படுகிறார்கள் என்று முன்னாள் மத்திய அமைச்சர் ப.சிதம்பரம் எச்சரித்தார். தேர்தல் ஆணையம் மறுத்தது. பீகாரில் அந்தப் பெயர்களை நீக்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழகத்தில் அப்போது தொடங்கவே இல்லை. நவம்பரில் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுவதும் 97.37 லட்சம் பெயர்கள் குறைந்திருந்தன. திருவள்ளூர் மாவட்டத்தில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் இல்லாதவர்கள், இரட்டைப் பதிவு என்று முக்கியக் காரணங்கள் சொல்லப்பட்டன. வெளிநாட்டவர் இத்தனை லட்சம் என்று எந்தக் கணக்கும் அதில் வரவில்லை. பட்டியல் வீங்கும் என்று பயமுறுத்தினார்கள், பட்டியல் சுருங்கியது. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பீகார்க்காரர் ஒருவர் கும்மிடிப்பூண்டியில் வழக்கமாகக் குடியிருந்தால், பழைய இடத்துப் பெயரை நீக்கிவிட்டு இங்கே பதிந்துகொள்ளும் உரிமை அவருக்கு 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படியே இருக்கிறது. சென்னைக்குக் குடிபோன திருநெல்வேலிக்காரருக்கு உள்ள அதே உரிமை. அதைச் சதி என்பவர்கள் இந்தியக் குடியுரிமை என்றால் என்னவென்று முதலில் படிக்க வேண்டும்.

உண்மையில் பெரும்பாலானவர்கள் பதிந்துகொள்வதில்லை. ஓட்டு ஊரில், உழைப்பு இங்கே. இந்த வதந்தியின் வேர் இதில்தான் இருக்கிறது. இங்கே ஓட்டில்லாத ஒருவரைப் பற்றி எந்த வேட்பாளரும் எதையும் சொல்லலாம். ஒரு ஓட்டும் குறையாது. அவருக்காகப் பேசினால் ஒரு ஓட்டும் கூடாது, உள்ளூரில் நாலு ஓட்டு போனாலும் போகும். ஆகவே திட்டுவதற்கு ஆள் உண்டு, மறுப்பதற்கு ஆள் இல்லை. அவர் ஊரிலும் இதே வியாபாரம்தான். 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகாரிகள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று வேறு இடங்களில் எடுத்த காட்சிகளை ஒட்டிப் பரப்பினார்கள். பீகார் சட்டமன்றம் அமளியானது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டு, சொன்னபடி எதுவும் நடக்கவில்லை என்று திரும்பியது. பரப்பியவர்கள் மீது தமிழகப் போலீஸ் வழக்குப் போட்டது. இங்கே தொழிலாளியைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அங்கே தொழிலாளிக்காகப் பயமுறுத்துகிறார்கள். இரண்டு இடத்திலும் லாபம் மேடையில் இருப்பவருக்கு. 1966இல் பம்பாயில் தொடங்கிய சிவசேனா முதலில் குறிவைத்தது தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியரைத்தான் என்பதை நாம் மறந்துவிட்டோம். 2024 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில், ஓஹியோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் அண்டை வீட்டு நாய்களைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னார். அவர் குறிப்பிட்ட ஹைட்டிக்காரர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுச் சட்டப்படி தங்கியிருந்தவர்கள். நகர நிர்வாகமே மறுத்தும் பேச்சு ஓயவில்லை. மறுப்பவருக்கு அதனால் ஓட்டுக் கிடைக்காதபோது மறுப்பு ஊர் சேர்வதில்லை.

கள்ளக் குடியேறி என்ற இந்தப் பட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தமிழருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத் தமிழரைக் கள்ளத்தோணி என்று ஏசினார்கள். 1947 தேர்தலில் அவர்களுடைய பிரதிநிதிகள் நாடாளுமன்றம் போனார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் லட்சக்கணக்கானோரின் ஓட்டைப் பறித்தன. 1952 தேர்தலில் அவர்களுக்கென்று ஒரு உறுப்பினர்கூட இல்லை. ஓட்டுப் போன பிறகு அவர்களைப் பற்றிக் கவலைப்பட எந்தக் கட்சிக்கும் காரணம் இருக்கவில்லை. இன்று தமிழக முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் அந்த மலையகத் தமிழரின் வாரிசுகள். கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டம், செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்கிறது. இந்த வட்டாரத்தில் அந்த வரையறை பெருமளவில் விழுவது சிப்காட் தொழிலாளி மீதல்ல, படகில் உயிர் தப்பி வந்த நம் உறவுகள் மீது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025இல் விலக்கு அளித்தார்கள், குடியுரிமை அளிக்கவில்லை. "கள்ளக் குடியேறிகளை விரட்டு" என்று முழங்குபவர்கள், அந்த முழக்கத்தை ஒருவர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினால் முதலில் யார் வாசலில் போய் நிற்பார் என்று ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்ததுண்டா?

நம்பிக்கை 2: அவர்கள் வந்ததால்தான் உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை இல்லை.

வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது வந்தவர் இல்லை, எடுப்பவர். நிரந்தரப் பணியிடத்தை ஒப்பந்தப் பணியிடமாக மாற்றியது நிர்வாகம். 12 மணி நேர ஷிப்டை வழக்கமாக்கியது நிர்வாகமும் கான்ட்ராக்டரும். அந்தக் கூலிக்கும் அந்த நேரத்துக்கும் உள்ளூர்ப் பையன் வர மறுக்கிறான் என்றால் அவன் மறுப்பது நியாயம். கோபத்தைக் கேட்டுக்கு வெளியே நிற்பவன் மேல் காட்டாமல் கேட்டுக்கு உள்ளே கொண்டுபோங்கள்.

நம்பிக்கை 3: வடமாநிலத்தவர் வந்த பிறகுதான் குற்றங்கள் பெருகின.

2025 ஜூலையில் ஆரம்பாக்கம் அருகே ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில் கைதானவர் வடமாநிலத் தொழிலாளி. அதில் எழுந்த கோபம் நியாயமானது. அதே ஆண்டு டிசம்பரில், இதே மாவட்டத்துத் திருத்தணியில், வடமாநில இளைஞர் ஒருவரை அரிவாளால் வெட்டி அதைப் படமும் பிடித்ததாகப் பிடிபட்டவர்கள் 17 வயதுச் சிறுவர்கள் நால்வர், நம் ஊர்ப் பிள்ளைகள். அந்த நால்வருக்காகத் திருவள்ளூர்க்காரர் அனைவரையும் யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. அந்த நியாயத்தை மற்றவருக்கும் கொடுக்கத் தெரிய வேண்டும்.

நம்பிக்கை 4: ஊர்க்காரர்களே தெருவில் நிறுத்தி ஆதாரைக் கேட்டால் எல்லாம் தெளிவாகிவிடும்.

ஆகாது. ஆதார் குடியுரிமைச் சான்று இல்லை என்று ஆதார் சட்டமே சொல்கிறது. அடுத்தவரின் அட்டையைக் கேட்க உங்களுக்கு அதிகாரமும் இல்லை.

யார் வந்திருக்கிறார் என்று தெரிய வேண்டும் என்ற ஆசை உண்மையானால், கேட்க வேண்டிய இடம் வேறு. 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரை அழைத்து வந்தாலே கான்ட்ராக்டருக்கு உரிமம் வேண்டும் என்றது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டி, கூலியும் பிடித்தமும் எழுதிய பாஸ்புக் தர வேண்டும் என்றது. அதை ஒழுங்காக நடத்தியிருந்தால் சிப்காட்டில் யார், எந்த ஊர், யார் பொறுப்பு என்று தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். போலீஸும் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. செய்யாமல் விட்டதில் கான்ட்ராக்டருக்கு லாபம். பதிவில் இல்லாதவருக்கு பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, விபத்து நடந்தால் பதில் சொல்ல ஆளும் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த வரம்பைப் பத்தாகவும், ஒப்பந்தத் தொழிலாளர் உரிமத்துக்கான வரம்பை 20இலிருந்து 50ஆகவும் உயர்த்திவிட்டது. எல்லையைப் பற்றி இத்தனை சத்தம் போட்ட கட்சிக்காரர்களில் எத்தனை பேர் இந்தத் தளர்த்தலைப் பற்றிக் கும்மிடிப்பூண்டி மேடையில் பேசினார்கள்? தமிழக அரசு செய்ய வேண்டியது ஒன்று: ஒவ்வொரு ஆலை வாசலிலும் கான்ட்ராக்டரின் பெயர், உரிம எண், அவர் அழைத்து வந்தவர்களின் எண்ணிக்கை, தரும் கூலி ஆகியவற்றைத் தமிழிலும் தொழிலாளியின் மொழியிலும் பலகையில் எழுதி வைக்கக் கட்டாயப்படுத்த வேண்டும். வாசகர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவர் வங்கதேசத்தவர் கதையைத் தொடங்கினால், உங்கள் தொகுதி ஆலைகளில் உரிமம் இல்லாத கான்ட்ராக்டர்கள் எத்தனை பேர், அவர்கள் மீது எத்தனை வழக்குப் போட வைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அவரை விடாதீர்கள்.