வாசலுக்கு ஒரு வேப்பமர நாற்காலி: முதன்முறை செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் வெளியே போடும் நாற்காலி ஆண்டில் பாதிக்கு மேல் வெயிலில் காயும், ஐப்பசி கார்த்திகையில் பருவமழையில் நனையும். இரண்டையும் தாங்குவதற்கு வேலைத்திறனைவிட மரமே முக்கியம்.

மரம்

சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் 1923-இல் சிவகாசியில் தொடங்கியது. தீக்குச்சிக்கு லேசான, மெத்தென்ற மரம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் நாற்காலி செய்யாதீர்கள். ஈரமும் கரையானும் தின்றுவிடும். தேக்கு சிறந்தது, ஆனால் விலை அதிகம். முதல் முயற்சிக்கு வேம்பு போதும். பூவரசும் நல்ல மரம். எதுவானாலும் வெளிறு நீக்கிய, வைரம் பாய்ந்த பகுதியாகக் கேளுங்கள். பச்சை மரம் வேண்டவே வேண்டாம். காயும்போது முறுக்கிக்கொள்ளும், ஸ்க்ரூக்கள் தளரும். நிழலில் பல மாதம் அடுக்கிக் காயவைத்ததை வாங்குங்கள்.

அளவும் அறுப்பும்

கால்கள் 2 அங்குலச் சதுரம்: முன்கால் 16 அங்குலம், பின்கால் 34. குறுக்குச் சட்டங்களும் பக்கச் சட்டங்களும் 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். உட்காரும் பட்டைகள் 22 அங்குல நீளம், முக்கால் அங்குலக் கனம். மூலைமட்டம் வைத்துக் கோடு போட்ட பிறகே ரம்பத்தை எடுங்கள்.

கூட்டுதல்

முதலில் முன்கால், பின்கால் ஜோடிகளைத் தனித்தனியாக 20 அங்குலக் குறுக்குச் சட்டங்களால் இணையுங்கள். பிறகு இரண்டையும் பக்கச் சட்டங்களால் சேர்க்கும்போது பின்பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். அந்தச் சரிவில்தான் உட்காரும் சுகம் இருக்கிறது. துளை போடாமல் ஸ்க்ரூ முறுக்கினால் மரம் பிளக்கும். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவாக வாங்குங்கள்.

முதுகுச் சாய்வுக்கு ஓர் எளிய வழி உண்டு. கீழ்ச்சட்டத்தைப் பின்கால்களின் முன்முகத்திலும் மேல்சட்டத்தைப் பின்முகத்திலும் பொருத்துங்கள். நடுவே நிறுத்தும் பட்டைகள் தாமாகவே பின்னோக்கிச் சாயும். சட்டத்தின் முகத்தை இழைப்புளியால் லேசாகச் சரித்தால் அவை நன்றாகப் பதியும்.

உட்காரும் பட்டைகளுக்கிடையே கால் அங்குலம் விடுங்கள். மழைநீர் தேங்காது, மரம் உப்பினாலும் இடமிருக்கும்.

எண்ணெய்ப் பூச்சு

உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று தடவை பூசுங்கள். கால்களின் அடி வெட்டுமுகத்தில்தான் மரம் தண்ணீரை அதிகம் குடிக்கும். அங்கே தாராளமாக ஊறவிடுங்கள்.

அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். நெருப்பே படாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள். பட்டாசோ வெடிமருந்தோ இருக்கும் இடத்துக்கு அருகில் இந்த வேலை கூடவே கூடாது.

இடமும் பராமரிப்பும்

கரிசல் மண் மழையில் இளகும், கால் புதையும். நான்கு காலுக்கும் அடியில் தட்டையான கல் வையுங்கள். ஒவ்வொரு புரட்டாசியிலும், மழை தொடங்குமுன், ஒருமுறை எண்ணெய் பூசிவிடுங்கள்.