கிணற்றில் ஆளிறக்குமுன் கவனிக்க வேண்டியவை

கோடையில் நீர்மட்டம் தாழ்ந்தவுடன் தூர் வாருதல், ஆழப்படுத்துதல், பம்பு பழுதுபார்த்தல் முதலிய கிணற்று வேலைகள் தொடங்குகின்றன. பயிருக்கு வேண்டிய நீரைப் பெறுவதற்கு இவை இன்றியமையாதன. ஆயினும் பண்ணை வேலைகளுள் சில நிமிஷங்களில் உயிரைக் கொள்ளக்கூடியவற்றுள் இது முதன்மையானது. ஆளை இறங்கச் சொல்பவர் நிலத்துக்குடையவர். ஆகையால் அபாயத்தை முன்கூட்டி அறிந்து தடுப்பதும் அவருடைய கடமையேயாம்.

அபாயங்கள் இன்னவை

வேலையைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் ஆளுக்கு என்ன தீங்கு நேரக்கூடும் என்று ஆராய்தல் வேண்டும். இறங்கும்போது வடம் அறலாம், படிக்கல் பெயரலாம். உள்ளே நிற்கும்போது சேற்றுக் கூடையோ விளிம்புக் கல்லோ தலைமேல் விழலாம். மோட்டாரிலிருந்து மின்சாரம் தாக்கலாம். இவையெல்லாம் கண்ணுக்குப் புலப்படும் அபாயங்கள். காணாமல் கொல்வது கிணற்றிலுள்ள கெட்ட காற்று.

நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்குச் சுமார் 21 பங்கு பிராணவாயு உள்ளது. நெடுநாள் இறைக்கப்படாத கிணற்றில் தழையும் குப்பையும் அழுகுவதால் பிராணவாயு குறைந்து, கரியமிலவாயு பெருகுகின்றது. இவ்வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமுள்ளதாதலால் அடியில் தேங்கி நிற்கும். சேற்றைக் கலக்குங்கால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் ஸல்பைடு வாயு வெளிப்படுதலும் உண்டு. அது மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும். ஆகையால் நாற்றம் நின்றதைக்கொண்டு வாயு நீங்கிற்றென்று கருதலாகாது.

எஞ்சின் புகையிலும், பாறைக்கு வெடி வைத்தபின் எழும் புகையிலும் கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு உள்ளது. இதற்கு நிறமுமில்லை, நாற்றமுமில்லை. மேலேயுள்ள பம்பு நீரை உறிஞ்சக்கூடிய ஆழம் நடைமுறையில் சுமார் 25 அடிக்கு மேற்படாது. அதனால் நீர் தாழ்ந்தபோது எண்ணெய் எஞ்சினையே கிணற்றினுள் இறக்கி ஓட்டுவோர் சிலர் உளர். இது மிகக் கொடிய வழக்கம். எஞ்சினை எந்நாளும் உள்ளே இறக்கலாகாது. நீர்மூழ்கி மின் பம்பைப் பயன்படுத்துதலே தக்கது.

விளக்குப் பரீட்சை போதுமா?

விளக்கைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். பிராணவாயு 100-க்கு 16 அல்லது 17 பங்காகக் குறையும்போது விளக்கு அணையும். அணைந்தால் ஆள் இறங்கலாகாது என்பது நிச்சயம். அணையாமல் எரிந்தால் இறங்கலாம் என்பதற்கு அது சாட்சியன்று. கார்பன் மானாக்ஸைடு ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும். தீப்பற்றும் வாயு இருப்பின் விளக்கே வெடிப்புக்குக் காரணமாகும். இக்காலத்தில் வாயுக்களை அளந்து காட்டும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. அதனைக் கயிற்றில் இறக்கி, மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் அளந்த பின்னரே ஆளை அனுப்புக. பிராணவாயு 19.5 பங்குக்குக் குறைந்தாலும், விஷவாயு இருப்பதாகக் காட்டினாலும் இறங்கலாகாது.

தடுக்கும் முறை

1. இறங்குதல் அவசியந்தானா என்று முதலில் பார்க்கவும். விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் எடுக்கலாம். அதற்கு ஆள் வேண்டுவதில்லை.

2. கிணற்றை இறைத்து, காற்றூதும் பொறியின் குழாயை அடிவரை விட்டு நல்ல காற்றைச் செலுத்தவும். ஆள் உள்ளே இருக்கும்வரை ஊதுதல் நிற்கலாகாது. வேப்பங்குழையைக் கட்டி ஏற்றி இறக்குவதும் நீர் தெளிப்பதும் காற்றைச் சிறிது கலக்கும். அவற்றை மட்டும் நம்பலாகாது.

3. மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்தி, வேறொருவர் போடாதபடி பூட்டி வைக்கவும். விளிம்பிலுள்ள தளர்ந்த கற்களை அகற்றவும். கூடை ஏறுங்கால் அதன்கீழ் எவரும் நிற்கலாகாது.

4. இறங்குபவருக்குத் தலைக்கவசமும், மார்பையும் தொடைகளையும் சுற்றிவரும் கச்சையும் வேண்டும். கச்சையிற் கட்டிய கயிற்றின் மறுமுனை, மேலே நட்ட உறுதியான மூன்று கால்களின் உருளைவழியாக இருவர் கையில் இருக்கவேண்டும். அவ்விருவரும் அவ்விடம் விட்டு அகலலாகாது.

முகத்தில் துணி கட்டிக்கொள்ளுதலால் யாதொரு பயனுமில்லை. துணி பிராணவாயுவைத் தராது, விஷவாயுவைத் தடுக்காது.

ஒருவர் மயங்கினால்

உள்ளே இருப்பவர் சோர்ந்து விழக் கண்டதும், தம்பியோ மகனோ பதறிக் குதித்திறங்குவது இயல்பு. இவ்வாறுதான் ஒரு வீட்டில் ஒரு சாவு இரண்டு மூன்றாகின்றது. மூடிய இடங்களில் இறந்தோருள் 100-க்கு 60 பேருக்கு மேல் மீட்கச் சென்றவர்களே என்று அமெரிக்க நாட்டின் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1986-ல் எச்சரித்தது. ஆகையால் மேலேயுள்ளவர் கச்சைக் கயிற்றால் அவரைத் தூக்கவேண்டும். கயிறு கட்டியிராவிடில், காற்றை ஊதிக்கொண்டே 101 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்து, சுவாசக் கருவியுடன் வரும் தீயணைப்புப் படையினரை எதிர்பார்த்தல் வேண்டும். கயிற்றை முன்னமே கட்டவேண்டும் என்று வற்புறுத்துவது இதன் பொருட்டே.

கிராம அதிகாரிகள் கோடைக்கு முன்னரே தத்தம் கிராமத்திலுள்ள பாழ்ங்கிணறுகளைக் கணக்கெடுத்து, அவற்றைச் சுற்றி வேலியிடச் செய்தல் நலம். கச்சை, கயிறு, அளவுகருவி ஆகியவற்றைக் குடியானவர் சிலர் கூடிப் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவு சொற்பம். வேலைக்கு வரும் ஆள் கூலிக்காக மறுக்கமாட்டான். ஆதலால் இவையெல்லாம் ஆயத்தமாகும்வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டியவர் நிலத்துக்குடையவரே. தூர் நாளையும் வாரலாம்.